வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டரில் தரையிறக்கத்தின் தரத்தை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரையிறங்கியதும் திரையில் தோன்றும் “−187” போன்ற எண் எதைக் குறிக்கிறது?

சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்ட கணத்தில் விமானம் எந்த வேகத்தில் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது என்பதை, நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற கணக்கில் அந்த எண் சொல்கிறது. கழித்தல் குறி இறக்கத்தைக் காட்டுகிறது. சில மென்பொருள்கள் அதைப் போடுவதில்லை. நிமிடத்துக்கு 187 அடி என்பது நொடிக்கு மூன்றடிக்குச் சற்று மேல். விமானங்களுக்குச் சான்றளிக்கும் விதிகள் நொடிக் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால், கிடைக்கும் எண்ணை 60ஆல் வகுத்துப் பார்க்கும் பழக்கம் பயன்படும்.

அந்த எண் சொல்வது அவ்வளவுதான். ஓடுபாதையின் எந்த இடத்தில் தொட்டீர்கள், முன்னோக்கிய வேகம் எவ்வளவு, மூக்கு எந்தத் திசையில் இருந்தது என்ற எதுவும் அதில் இல்லை. இருந்தும் பலர் தரையிறக்கத்தின் தரம் முழுவதையும் அந்த ஒற்றை எண்ணில் படித்துவிட முயல்கிறார்கள். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த முயற்சியிலிருந்து பிறந்தவையே.

எத்தனை அடிக்குள் இருந்தால் நல்ல தரையிறக்கம் என்று சொல்லலாம்?

முதலில் இரண்டு எல்லைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமான 3 பாகை இறங்குபாதையில் 140 நாட் (மணிக்கு 140 கடல்மைல்) தரைவேகத்தில் வரும் பயணிகள் விமானம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 740 அடி இறங்குகிறது. விமானி கடைசி வரை மூக்கைத் தூக்காமலே இருந்தால் தரையை மோதும் வேகம் கிட்டத்தட்ட அதுவாகவே இருக்கும். 65 நாட் வேகத்தில் வரும் சிறிய செஸ்னா விமானத்துக்கு அதே பாதையில் அந்த வேகம் 345 அடிதான். ஆகவே செஸ்னாவில் 300 என்ற எண் வந்தால் ஃப்ளேர், அதாவது தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தைக் குறைப்பது, ஏறக்குறைய நடக்கவே இல்லை என்று பொருள். பெரிய ஜெட்டில் அதே 300 வந்தால், ஃப்ளேர் நடந்திருக்கிறது, சற்றுத் தாமதமாகவோ போதாமலோ நடந்திருக்கிறது என்று பொருள்.

மறு எல்லையை விதிகள் தருகின்றன. அமெரிக்காவின் போக்குவரத்து விமானங்களுக்கான 25ஆம் பகுதி விதிகளும் அவற்றை ஒத்த ஐரோப்பிய விதிகளும், வடிவமைப்புத் தரையிறக்க எடையில் நொடிக்கு 10 அடி, அதாவது நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில் தொட்டாலும் விமானத்தின் கட்டமைப்பு தாங்க வேண்டும் என்கின்றன. வடிவமைப்புப் புறப்பாட்டு எடையில் அந்த வரம்பு நொடிக்கு 6 அடி, நிமிடத்துக்கு 360 அடி. இவை கட்டமைப்பு முறியாமல் இருப்பதற்கான எண்களே அன்றி விமானி எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்குகள் அல்ல.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் வெகு கீழே, பயணிகள் ஜெட்டுக்கு 100 முதல் 250 வரை இயல்பானது என்றும், 300ஐத் தாண்டினால் ஃப்ளேரைச் சரிபார்க்க வேண்டும் என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன். 120க்கும் 180க்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவு விமானியுடையது, எவ்வளவு அளவையுடையது என்பதை அடுத்த கேள்வி காட்டும்.

ஒரே தரையிறக்கத்துக்கு இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு எண்களைக் காட்டுவது ஏன்?

பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு கணங்களில் அளந்திருக்கும். ஃப்ளேரின்போது இறங்குவேகம் மிக விரைவாக மாறுகிறது. 30 அடி உயரத்தில் 740 ஆக இருந்த வேகம், நான்கு நொடிகளில் 150 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 150 அடி மாறுகிறது. நொடிக்கு ஒரு முறை மட்டும் தரவைக் கேட்டு வாங்கும் மென்பொருள், தொடுவதற்கு முக்கால் நொடி முன்பு கிடைத்த எண்ணை “தரையிறங்கு வேகம்” என்று அறிவித்தால், உண்மையில் 150 ஆக இருந்தது 260க்கு மேல் என்று பதிவாகும்.

தாமதமாக அளந்தாலோ தவறு எதிர்த்திசையில் போகும். 300 அடி வேகத்தில், அதாவது நொடிக்கு 5 அடியில் தொட்ட விமானம், சக்கரத் தாங்கிகள் அமுங்கும்போது 1.5 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் ஒன்றரை மடங்கு) காட்டுகிறது என்று கொள்வோம். அந்தக் கணத்தில் இறக்கை இன்னும் விமானத்தின் எடையைச் சுமந்துகொண்டிருப்பதால், மிகுதியான அரை ஜி முழுவதும் இறக்கத்தைத் தடுத்து நிறுத்தவே செலவாகிறது. அதன்படி நொடிக்கு 30 ஃப்ரேம் (திரைக்காட்சி) ஓடும் கணினியில் ஒரே ஒரு ஃப்ரேம் தாமதித்தால் 32 அடி குறைந்துவிடும். பத்தில் ஒரு நொடி தாமதித்தால் ஏறத்தாழ 100 அடி குறைந்து, 300 என்பது 200 ஆகத் தெரியும். முகத்துதி செய்யும் மென்பொருள்கள் பலவற்றின் இரகசியம் இதுவே என்று நினைக்கிறேன்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே, பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் காலத்திலிருந்து புழங்கும் எஃப்எஸ்யுஐபிசி இணைப்பு மென்பொருளில், விமானம் காற்றில் இருக்கும்வரை செங்குத்து வேகத்தை நகலெடுத்துக்கொண்டே வந்து, தரைதொட்டதும் அந்த நகலை அப்படியே உறையவைக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. இப்போதைய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், தொட்ட கணத்தின் வேகத்தைத் தானே கணித்துத் தனி மாறியில் வைத்துக்கொள்கிறது. அதன் அலகு நொடிக்கு அடி. 60ஆல் பெருக்க மறந்துவிட்டு, தான் இரண்டடி வேகத்தில் இறங்கியதாக மகிழ்பவர்களும் உண்டு.

அளக்கும் இடமும் மாறக்கூடும். மூக்கு உயரும்போது விமானம் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித் திரும்புகிறது. நொடிக்கு 2 பாகை வீதம் மூக்கைத் தூக்கினால், மையத்துக்கு 60 அடி முன்னால் உள்ள விமானியறையின் இறங்குவேகம் நிமிடத்துக்கு 120 அடிக்கு மேல் குறைவாகத் தெரியும். மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் முதன்மைச் சக்கரங்களோ அதே அசைவால் கூடுதலாகக் கீழே தள்ளப்படும். கடைசி நொடியில் பதறி இழுத்தால் தரையிறக்கம் மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமானியறையில் உள்ள செங்குத்து வேகமானியைப் பார்த்தே குறித்துக்கொள்ளலாமா?

கூடாது. அது காற்றழுத்த மாற்றத்தைக் கொண்டு இயங்குவது. சாதாரண வகை மானி நிலைபெற 6 முதல் 9 நொடிகள் வரை பிடிக்கும். ஃப்ளேர் முழுவதும் அதற்குள் முடிந்துவிடும். நல்ல சிமுலேட்டர்கள் இந்தத் தாமதத்தையும் சேர்த்தே காட்டுகின்றன. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் முள் காட்டும் மதிப்பும் விமானத்தின் மெய்யான செங்குத்து வேகமும் தனித்தனி டேட்டாரெஃப்களாக (பிற மென்பொருள்கள் படிக்கக்கூடிய, பெயரிட்ட மதிப்புகளாக) கிடைக்கின்றன. நமக்கு வேண்டியது இரண்டாவது.

ஓடுபாதை சரிவாக இருந்தால் கணக்கு மாறுமா?

மாறும். மாற்றம் பலர் எண்ணுவதைவிடப் பெரியது. 2006இல் வெளிவந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் விமான நிலையங்கள் தட்டையாக இருந்ததால் இக்கேள்விக்கு இடமில்லை. இப்போதைய சிமுலேட்டர்கள் ஓடுபாதையின் ஏற்ற இறக்கங்களையும் காட்டுகின்றன. 140 நாட் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 14,180 அடி முன்னோக்கிய நகர்வு. அதில் ஒரு விழுக்காடு 142 அடி. ஆகவே ஒரு விழுக்காடு ஏறும் ஓடுபாதையில் 150 என்ற செங்குத்து வேகத்தில் தொட்டால், விமானமும் தரையும் நெருங்கும் வேகம் 290ஐ ஒட்டியிருக்கும். அதே அளவு இறங்கும் ஓடுபாதையில் அதே 150 ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும்.

கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட செங்குத்து வேகத்தை மட்டும் படிக்கும் மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சக்கரங்களுக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் தெரியும். தரைக்குச் செங்குத்தான திசையில் உள்ள வேகத்தைத் தரும் மாறி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். அது இல்லாத இடத்தில், தரைக்கு மேலான உயரம் கடைசி அரை நொடியில் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுவது அதற்கு அடுத்த நல்ல வழி.

இறங்குவேகத்தைவிட ஜி எண் நம்பகமானதா?

அது வேறு ஒன்றை அளக்கிறது. இறங்குவேகம், தொடும்வரை விமானி செய்ததைக் காட்டுகிறது. ஜி எண், தொட்டபின் சக்கரத் தாங்கிகள் அதை எப்படி வாங்கிக்கொண்டன என்பதைக் காட்டுகிறது. பயணிகள் ஜெட்டின் தாங்கியில் எண்ணெயும் அழுத்தமூட்டிய வாயுவும் சேர்ந்து அதிர்வை உறிஞ்சுகின்றன. செஸ்னா 172இன் முதன்மைச் சக்கரங்களோ எஃகு வில்போன்ற கால்களில் நிற்பவை; வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே ஒரே இறங்குவேகம் இரண்டு விமானங்களிலும் ஒரே ஜியைத் தருவதில்லை.

சிமுலேட்டரில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. தாங்கிகள் எவ்வளவு அமுங்க வேண்டும், எவ்வளவு விரைவில் அடங்க வேண்டும் என்பவை அந்த விமானத்தை உருவாக்கியவர் ஒரு கோப்பில் எழுதிவைத்த எண்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் அமுங்கும் அளவு, தணிப்பு விகிதம், அது சேதமடையும் வேகம் ஆகியவை அக்கோப்பில் உள்ளன. தாங்கியை விறைப்பாக அமைத்துவிட்டால், மென்மையான தரையிறக்கத்திலும் ஒரே ஒரு ஃப்ரேமில் ஜி எண் துள்ளி எழுந்து அடங்கும். அந்த உச்சத்தை மட்டும் பிடித்துக்காட்டும் மென்பொருள், உங்கள் தரையிறக்கத்தைவிட அந்தக் கோப்பைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

மெய்யான விமானங்களிலும் ஜி அளவீடு மாதிரி எடுக்கும் வீதத்தைச் சார்ந்ததே. அமெரிக்க விதிகளின்படி பெரிய விமானங்களின் பதிவுக்கருவி செங்குத்து முடுக்கத்தை நொடிக்கு 8 முறையாவது பதிய வேண்டும். இரண்டு பதிவுகளுக்கு இடையில் உள்ள எட்டில் ஒரு நொடியில் உச்சம் நழுவிப்போவதற்குப் போதிய இடமுண்டு. ஒரே விமான மாதிரியில் உங்கள் சொந்தத் தரையிறக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஜி எண் உதவும். வேறு மாதிரியோடு, அல்லது வேறு ஃப்ரேம் வீதத்தில் பறக்கும் நண்பரோடு ஒப்பிட அது உதவாது.

தொட்டபின் விமானம் எகிறிக் குதித்தால் எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

எல்லாவற்றையும். முதல் தொடுகை 180 ஆகவும் எகிறியபின் இரண்டாவது 420 ஆகவும் இருப்பது அரிதன்று. வேகம் குறைந்து, தூக்குவிசை குறைந்து, ஃப்ளேர் செய்ய உயரமும் போதாமல் விழுவதால் இரண்டாவதே கடுமையாக இருக்கும். முதல் தொடுகையோடு பதிவை மூடிவிடும் மென்பொருள் 180ஐக் காட்டிப் பாராட்டும். விமானம் காற்றில் இருக்கும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள் கடைசி எண்ணைக் காட்டும். மதிப்பிட ஒரே எண்தான் வேண்டுமென்றால், அவற்றுள் பெரியதை எடுப்பதே நேர்மையானது. எத்தனை முறை எகிறியது என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

எனக்கு 60 வந்தது. ஆனாலும் மதிப்பீட்டு மென்பொருள் குறைந்த மதிப்பெண் கொடுத்தது. ஏன்?

நீங்கள் அந்த 60க்கு ஓடுபாதையால் விலை கொடுத்திருக்கலாம். 140 நாட் வேகத்தில் விமானம் நொடிக்கு 236 அடி கடக்கிறது. தரைக்கு மேல் ஐந்து நொடிகள் மிதந்தபடி மென்மையான தொடுகைக்காகக் காத்திருந்தால், கிட்டத்தட்ட 1,200 அடி ஓடுபாதை பின்னால் போய்விடும். 50 அடி உயரத்தில் ஓடுபாதையின் தொடக்க முனையைக் கடந்து 3 பாகையில் வரும் விமானம், முனையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடியில் உள்ள இலக்குக் குறியை நோக்கி வருகிறது. தொடுகை மண்டலம் என்பது முதல் 3,000 அடி, அல்லது ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு. இவற்றுள் எது குறைவோ அது. அதற்கு அப்பால் எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும், அது கைவிட்டு மீண்டும் மேலேறியிருக்க வேண்டிய தரையிறக்கம்.

மிதப்பதற்குப் பெரும்பாலும் கூடுதல் வேகமே காரணம். நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், 10 விழுக்காடு கூடுதல் வேகம் 21 விழுக்காடு கூடுதல் தூரத்தைக் கேட்கும். மிதந்து இழந்தது அதற்கு மேல். எனவே தொடுகை இடம், தொட்ட கணத்தின் காற்றுவேகம் ஆகிய இரண்டும் இல்லாத பதிவை நான் தரையிறக்கப் பதிவாகவே கருதுவதில்லை.

அப்படியானால் பூப்போல இறங்குவதை இலக்காக வைக்கக் கூடாதா?

உலர்ந்த நீண்ட ஓடுபாதையில், சரியான இடத்தில், சரியான வேகத்தில் பூப்போல அமர்ந்தால் மகிழ்ச்சிதான். ஈரமான ஓடுபாதையில் அது தவறான இலக்கு. சக்கரங்கள் உடனே சுழலத் தொடங்க வேண்டும். தாங்கிகள் அமுங்க வேண்டும். அவற்றைக் கொண்டே பல ஜெட்டுகளில் இறக்கைமேல் தடுப்புப் பலகைகள் எழுகின்றன, தானியங்கிப் பிரேக்கும் வேலை செய்கிறது. சக்கரம் நீர்ப்படலத்தின் மீது வழுக்கத் தொடங்கும் வேகத்தை நாட் அளவில் காண, டயரின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்குவது நெடுநாள் வழக்கம். 200 பவுண்டு அழுத்தத்துக்கு அது 127 நாட். பல ஜெட்டுகள் தரையைத் தொடும் வேகத்துக்கு மிக அருகில். அங்கே 200 அல்லது 250 என்ற திடமான தொடுகைதான் திறமை.

குறுக்குக் காற்றில் இறங்கியதை எப்படி மதிப்பிடுவது?

பெரும்பாலான இலவச மென்பொருள்கள் கண்டுகொள்ளாத பகுதி இது. 20 நாட் குறுக்குக் காற்றில் 140 நாட் வேகத்தில் வரும் விமானத்தின் மூக்கு ஏறத்தாழ 8 பாகை காற்றை நோக்கித் திரும்பியிருக்கும். அதை நேராக்காமல் தொட்டால், விமானத்தின் அச்சுக்குக் குறுக்காக நொடிக்கு 34 அடி வேகம் இருக்கும். இறக்கத்துக்கு நொடிக்கு 10 அடி என்று விதித்த வரம்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பக்கவாட்டுச் சுமையை டயர்கள் வழுக்கியும் தேய்ந்தும் ஏற்கின்றன. சில பெரிய ஜெட்டுகள் ஓரளவு வரை இதைத் தாங்கும்படியே செய்யப்பட்டிருந்தாலும், மென்பொருள் காட்டும் “−110” என்ற அழகான எண்ணில் இதன் தடயம்கூட இருக்காது.

ஆகவே தொட்ட கணத்தில் மூக்கின் திசைக்கும் ஓடுபாதையின் திசைக்கும் உள்ள வேறுபாடு, இறக்கைகளின் சாய்வு, மையக்கோட்டிலிருந்து விலகிய தூரம் ஆகிய மூன்றையும் பதிய வேண்டும். காற்றுப்பக்கச் சக்கரம் முதலில் தொடும்படி சிறிது சாய்வோடு இறங்குவது சரியான முறைகளுள் ஒன்று என்பதால், சாய்வு இருந்தாலே மதிப்பெண்ணைக் குறைக்கும் மென்பொருளை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

சொந்தமாக ஓர் அளவுக்கருவி எழுத விரும்புகிறேன். எதில் கவனம் வேண்டும்?

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில், வெளி மென்பொருள்களுக்குத் தரவு தரும் சிம்கனெக்ட் இடைமுகம் வழியாகவும், எக்ஸ்-பிளேனில் டேட்டாரெஃப் வழியாகவும் தேவையான எல்லாம் கிடைக்கும். தரவை நொடிக்கு ஒரு முறை கேட்காமல் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேளுங்கள். தொடுகையைக் கண்டறிய, உயரம் சுழியானதா என்று பார்க்க வேண்டாம். அந்த உயரம் பெரும்பாலும் விமானத்தின் ஒரு மையப் புள்ளிக்கானது, சக்கரங்கள் அதற்குப் பல அடி கீழே இருக்கின்றன. தரையில் இருப்பதைக் குறிக்கும் கொடியையோ (ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் மாறி) தாங்கி அமுங்கிய அளவையோ பாருங்கள். கடைசி பத்து நொடிகளின் ஃப்ரேம்களை நினைவில் சுழற்சியாக வைத்திருந்து, கொடி மாறியதும் அதற்கு முந்தைய ஃப்ரேமின் இறங்குவேகத்தை எடுத்தால், தாங்கி அமுங்கியதால் குறைந்த எண் உள்ளே நுழையாது. தொட்டபின் மேலும் சில நொடிகள் பதிவைத் தொடர்ந்தால் எகிறல்களும் ஜி உச்சமும் மூக்குச் சக்கரம் விழுந்த விதமும் அகப்படும்.

புறப்படும் முன் சிமுலேட்டர் விமானத்தை ஓடுபாதையில் கொண்டுவந்து வைக்கும்போது அதைச் சற்று உயரத்திலிருந்து “போடுவது” உண்டு. அதைத் தரையிறக்கமாகப் பதியாமலிருக்க, குறைந்தது சில பத்து நொடிகளாவது காற்றில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள். நேரத்தை விரைவுபடுத்திப் பறந்தவர்களின் பதிவுகளைத் தனியே குறியிடுவதும் நல்லது.

கிடைப்பதை ஒற்றை மதிப்பெண்ணாகச் சுருக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். கடைசி பத்து நொடிகளின் உயரத்தையும் இறங்குவேகத்தையும் ஒரு கோட்டுப்படமாக வரைந்து காட்டினால், எந்த உயரத்தில் ஃப்ளேர் தொடங்கியது, இடையில் மறுபடி மேலே போனதா என்பவை ஒரே பார்வையில் தெரியும். எந்த மதிப்பெண்ணும் அதைச் சொல்லாது.

முன்னேறுகிறேனா என்று எப்படி அறிவது?

ஒரே விமானம், ஒரே ஓடுபாதை, ஏறக்குறைய ஒரே எடை, ஒரே காற்று என்று வைத்துக்கொண்டு, சிறந்த எண்ணைப் பார்க்காமல் எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பாருங்கள். 90, 410, 130, 350 என்று வருபவரைவிட 190, 220, 180, 230 என்று வருபவர் நல்ல விமானி. தொடுகை இடத்துக்கும் இதே அளவுகோல்தான். 500 அடி உயரத்தில் இருந்தபோதே வேகமும் இறக்கமும் நிலைபெற்றிருந்தனவா என்பதையும் குறித்துவைத்தால், மோசமான தொடுகைகளில் பல அங்கேயே தொடங்கியிருப்பது தெரியவரும்.

ரீப்ளேயை ஓட்டிப் பார்த்து அளக்கலாமா?

பார்வைக்கு உதவும்: ஃப்ளேரின் தோரணை, மையக்கோடு, எந்தச் சக்கரம் முதலில் தொட்டது ஆகியவற்றை வெளியிலிருந்து பார்ப்பது எண்களைவிட விரைவாகக் கற்றுத்தரும். அளப்பதற்கு அது ஏற்றதன்று. பதிவு செய்த சில புள்ளிகளுக்கு இடையில் உள்ளதை நிரப்பியே ரீப்ளே ஓடுவது வழக்கம் என்பதால், தொட்ட கணத்தின் வேகமும் ஜியும் அதில் மழுங்கிவிடும். எண் வேண்டுமென்றால் பறக்கும்போதே பதிய வேண்டும்.